முள் எடுத்த தட்டு

காலை ஆறு மணிக்கு எஸ்கில்ட் வாளியோடு வந்தான்.
பனிக்கட்டிக்குள் பதினாறு ஹெர்ரிங்.
"சமைக்காதே. அச்சு எடு" என்றான்.

போர்ன்ஹோல்ம் தீவின் வடகரையில்
ஒன்பது மேசை போட்ட உணவகம் அவனுக்கு.
மீன் புகையிட்ட பழைய கொட்டகையில்
ஒரு மின்சூளையும்
மார்ச் மாதத் தவணையும் எனக்கு.

பாதி ஈரம் வற்றிய களிமண் பலகையில்
மீனைக் கிடத்தித் துணி போர்த்தி
உருட்டுக் கட்டையை ஒரே தரம் ஓட்டினேன்.
இன்னொரு தரம் ஓட்டினால் செதில் இரட்டிக்கும்.
வாலைப் பிடித்து உரித்தபோது
துடுப்பின் விசிறிக்கோடு,
கண் இருந்த குழி,
முடி கனத்தில் வரப்பு வரப்பாய்ச் செதில் விளிம்புகள்.
கை மூன்று நாள் நாறியது.

முதல் தட்டுக்கு மின்னும் மெருகு.
சூட்டில் அது பாகாய் இளகும்,
மேட்டில் கால் தரிக்காது.
வரப்பிலிருந்து வழுகிப் பள்ளம் தேடும்.
விளிம்பில் அது மெலிந்த இடமெல்லாம்
மண்ணின் துருநிறம் எட்டிப் பார்த்தது.
தேங்கிய இடமெல்லாம் பாட்டில் பச்சை.
நான் தீட்டாத ஒவ்வொரு கோட்டையும்
அதுவே தீட்டிவிட்டது.
வலையிலிருந்து இப்போதுதான் விழுந்த மீன்!
ஒரே தொல்லை:
எந்தப் பக்கம் திருப்பினாலும் அதற்குள் என் ஜன்னல்,
என் பல்பு, என் மூக்கு.
மீனைப் பார்க்க நான் தலையைச் சாய்க்க வேண்டியிருந்தது.

இரண்டாவதற்கு மங்கல் மெருகு.
போட்ட இடத்தில் அப்படியே குந்திக்கொள்ளும் சாதி.
தடித்துப் பூசினேன்,
பனி விழுந்த உழவு நிலம், செதிலைக் காணோம்.
மெலிதாய்ப் பூசினேன்,
மீன் இருந்தது, ஆனால்
வெயில் பக்கவாட்டில் படும் நேரம் மட்டும்.
உச்சிப் பொழுதில் வெறும் சாம்பல் தட்டு.

"இது செத்த மீன்" என்றான் எஸ்கில்ட்.
"தட்டில் வேறென்ன வைக்கப் போகிறாய்?" என்றேன்.
சிரிக்கவில்லை. இரண்டையும் எடுத்துப் போனான்.

இரவு பதினோரு மணிக்குப் போன்.
மேசையில் மெழுகுவத்தி தாழ எரிகிறதாம்.
மின்னும் தட்டில் ஐம்பது சுடர், மீன் இல்லையாம்.
மங்கலில் சுடர் இல்லை,
நிழல் ஏறி ஏறி
செதில் செதிலாய் மீன் எழுந்து வருகிறதாம்.
"நாற்பது வேண்டும். மங்கல். வெள்ளிக்கிழமைக்குள்."

மங்கல் மெருகு வேகும்போது மங்கலாக இருப்பதில்லை.
உச்சச் சூட்டில் எல்லா மெருகும் குளம்தான்.
மெல்ல மெல்ல ஆறும் நேரத்தில்
கண்ணுக்கு எட்டாத படிகங்கள் முளைத்து
மேற்பரப்பைச் சொரசொரப்பாக்கும்.
அவசரப்பட்டால் முளைக்காது.
மணிக்கு ஐம்பது பாகை என்று இறக்கிக்கொண்டிருந்தேன்.
புதன் இரவு, மூன்றாம் மணியில்
பால்டிக் காற்று எங்கோ கம்பியை அறுத்தது.
சூளை தன் போக்கில் குளிர்ந்தது.
பக்கத்து வீட்டு திரீனெ
போர்வை கொண்டுவந்து கதவில் சுற்றினாள்,
குழந்தைக்குச் சுற்றுவது போல.
அது எங்கே கேட்கும்.

முப்பத்தொன்று தேறின.
கதவோரம் நின்ற ஒன்பதும் ஒரு பக்கம் கண்ணாடி,
ஒரு பக்கம் கல்.
எஸ்கில்ட் அவற்றையும் பெட்டியில் அடுக்கினான்.
வெள்ளிக்கிழமை வெள்ளிக்கிழமைதான்.

ஒரு மாதம் கழித்துப் பெட்டி திரும்பி வந்தது.
"கீறிவிட்டது. கழுவினால் போகவில்லை."
கீறல் இல்லை அது.
மங்கல் பரப்பு ஓர் அரம்,
கத்தியும் முள்கரண்டியும்தான் அதில் தேய்ந்து
பென்சில் கோடாய்த் தங்கியிருக்கின்றன.
பசை போட்டுத் தேய்த்தால் போய்விடும்.
இரண்டு நாள் உட்கார்ந்து தேய்த்தேன்.

கதவோரத்துத் தட்டுகளில் ஒன்றை மட்டும் தேய்க்கவில்லை.
கண்ணாடிப் பக்கம் சுத்தமாக இருந்தது,
கத்தி அங்கே வழுக்கிப் போயிருக்கிறது.
மங்கல் பக்கத்தில் நிதானமான ஒரே சாம்பல் கோடு,
செவுளுக்குப் பின்னால் தொடங்கி
முதுகெலும்பு இருக்க வேண்டிய வழியில் இறங்கி
பளபளப்பு தொடங்கும் இடத்தில் நின்றுவிடுகிறது.

உண்மை மீனைத் தின்று முடித்த யாரோ
என் மீனுக்கும்
முள் எடுத்துப் பார்த்திருக்கிறார்கள்.